பால்மரத்தின் சரித்திரம் – இயல் 9: மங்கில் உறைந்த பால்

சென்ற இயலில், 1877-ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் வேரூன்றிய வரலாற்றையும், காஜாங்கில் கின்டர்ஸ்லி சகோதரர்கள் தம் காப்பித் தோட்டத்தில் அம்மரத்தை நட்டுப் பார்த்த துணிவையும், அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே கிள்ளானிலிருந்து மேரு, காப்பார் வரையில் காடு அழிந்து நிரைநிரையாகப் பால்மரங்கள் எழுந்து நின்ற விதத்தையும் பார்த்தோம். இம்மரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் லண்டன் பங்குச் சந்தைக்கும், விலையேற்றத்துக்கும், கப்பலேறி வந்த கூலிகளின் கணக்குக்கும் சென்றுவிடுகிறார்கள். அவையெல்லாம் சொல்லப்பட வேண்டியவையே; வரும் இயல்களில் சொல்லவும் போகிறேன். ஆயினும், எந்தத் திரவத்தின் பொருட்டு இத்தனை பெரிய மானிட இடப்பெயர்ச்சி நிகழ்ந்ததோ, அந்த வெள்ளைத் திரவத்தை ஒரு முறையேனும் உற்று நோக்காமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. ஏனெனில், பதார்த்தங்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படாத துகள்களால் ஆனவை என்னும் சித்தாந்தம் வெறும் அனுமானமாயிருந்த நிலையிலிருந்து நிரூபணத்தை நோக்கி நடந்த பாதையில், இந்தப் பால் ஒரு முறையன்று, பல முறை குறுக்கிட்டிருக்கிறது. அது பலருக்கும் தெரியாத செய்தி.

முதலில் பாலைப் பதப்படுத்தும் தோட்டத்து ஸ்டோரில் நடந்து வந்ததைச் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து நிரைக்குள் நுழைகிறவர்கள், வெயில் ஏறுவதற்குள் மரங்களைச் சீவி முடித்துவிடுவார்கள். பட்டையினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் தாராளமாக இறங்கும். மங்கு என்னும் கிண்ணங்களில் வடிந்ததை வாளிகளில் சேர்த்துத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வந்தால், அங்கே மெட்ரோலாக் என்னும் மிதப்புக் கருவியைப் பாலில் இட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். புதுப்பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு ரப்பர் இருக்கும், பெரும்பகுதி நீர், எஞ்சியது புரதமும் சர்க்கரையும் பிசினும் உப்புகளும். அதைச் சல்லடையில் வடித்து, ரப்பரின் பங்கு நூற்றுக்குப் பதினைந்து என்னும் அளவுக்கு இறங்கும்படி நீர் சேர்த்து, தொட்டிகளில் நிரப்பி, நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைக் கலந்து, மேலே திரளும் நுரையை வழித்தெடுத்துவிட்டுத் தடுப்புத் தகடுகளைச் செருகுவார்கள். மறுநாள் காலையில் அந்தத் தொட்டியில் திரவம் இராது. கையால் தூக்கக் கூடிய, அழுத்தினால் அமுங்கி மீளுகிற வெண்ணிறப் பாளங்கள் இருக்கும். அவற்றை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கி, புகையறையில் சுமார் 60 பாகைச் சூட்டில் நாலைந்து நாள் தொங்கவிட்டால், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறத் தக்க பழுப்புத் தகடு கிடைத்துவிடும்.

ஸ்டோருக்கு வந்து சேராமல் மங்கிலேயே தங்கிப்போன பாலுக்கும் இதே கதிதான். அமிலம் ஒரு சொட்டும் விடாமலேயே அது ஒரு நாளில் கட்டியாகிவிடும். அதற்குக் கட்டிப்பால் என்று பெயர். நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன என்பதை ஆராய்ச்சியாளர் பின்னால் கண்டார்கள். கட்டிப்பாலுக்குக் கிடைத்த விலை குறைவு. ஆகவே பால் எப்போது உறையும், எப்போது உறையாது, அழுக்கு மங்கில் ஏன் விரைந்து கெட்டியாகிறது என்பதையெல்லாம் அன்றாடக் கூலியோடு பிணைந்த அறிவாகத் தொழிலாளர்கள் பெற்றிருந்தார்கள்.

இதிலே வியப்பு என்ன என்று கேட்கலாம். திரவம் திடமாவதற்கு நாம் சாதாரணமாக அறிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: சூட்டைக் குறைப்பது. நீரைக் குளிர்வித்தால் பனிக்கட்டி. உருக்கிய ஈயத்தை ஆறவிட்டால் கட்டி. ஆனால் சிலாங்கூரின் வெக்கையில், இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே சூட்டில், சிறிதளவு அமிலத்தின் ஸ்பரிசத்தால் ஒரு தொட்டி திரவம் திடமாகிறது. சூடு மாறவில்லை, ரப்பர் என்னும் வஸ்துவும் மாறவில்லை, ஸ்திதி மாத்திரம் மாறிவிட்டது. அப்படியானால் திடம், திரவம், வாயு என்று நாம் பிரித்துச் சொல்லுகிற மூன்று நிலைகளும் வஸ்துவின் சுபாவத்தைக் குறிக்கின்றனவா, அல்லது அந்த வஸ்துவின் துகள்கள் ஒன்றையொன்று எவ்வாறு நாடியும் விலக்கியும் நிற்கின்றன என்பதைக் குறிக்கின்றனவா? இந்த இயல் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

பௌதிக சாஸ்திரம் தரும் விடை தெளிவானது. பதினெட்டு கிராம் நீரில் ஏறத்தாழ 6 என்னும் எண்ணுக்குப் பின் 23 சுன்னங்கள் இட்ட தொகை மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை எந்நேரமும் சலித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சலனத்தின் வேகத்தையே நாம் சூடு என்று உணர்கிறோம். அவற்றுக்குள் ஒன்றை ஒன்று இழுக்கும் பிணைப்பும் உண்டு. பிணைப்பு சலனத்தை வென்று, ஒவ்வொன்றும் தன் இடத்தை விட்டு அகலாமல் அங்கேயே அதிர்ந்துகொண்டிருந்தால் அது பனிக்கட்டி. இடம் பெயரத் தக்க அளவு சலனமும், கூட்டத்தை விட்டு அகலவொட்டாத அளவு பிணைப்பும் சேர்ந்திருந்தால் அது நீர். சலனம் பிணைப்பை முற்றிலும் வென்றுவிட்டால் அது நீராவி. கொதிநிலையில் அது முன்னிருந்த இடத்தைப் போல் ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளுகிறது. மூன்று நிலைகளிலும் மூலக்கூறு ஒன்றேதான். அது பருத்தோ இளைத்தோ போவதில்லை. இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இந்தப் பாடத்தை, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் முதல் வரிசை ரசாயன அறிஞர் சிலர் ஏற்க மறுத்தார்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

நம்மவர்கள் இந்தச் சிந்தனைக்கு அந்நியர்கள் அல்லர் என்பதையும் இவ்விடத்தில் குறித்தாக வேண்டும். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், சமயவாதிகள் பலரையும் மணிமேகலை வினவுகிறபோது, ஆசீவக ஆசிரியர் ஒருவர் தம் மதத்து அணுக்கொள்கையை எடுத்துரைக்கிறார். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களும் உயிரணுவும் ஆக ஐந்து வகை. அணு புதிதாகப் பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை, ஒன்று இரண்டாகப் பிளவதுமில்லை, நீரணு நிலவணுவாக மாறுவதுமில்லை. அவையே நெருங்கிச் செறிந்து வயிரமாகவும் ஆகும், நடுவே இடம்விட்டு மூங்கிலாகவும் ஆகும் என்று அவர் கூறுகிறார். அணுவை மாற்றாமல், அணுக்களின் நெருக்கத்தை மாற்றியே பொருளின் வன்மையையும் மென்மையையும் விளக்க முயன்ற சிந்தனை இது. தனியணுவைத் தெய்வக் கண்ணுடையோரே காண்பர், மற்றையோர் அணுக்களின் கூட்டத்தையே காண்பர் என்று சொல்லி, அந்தி மயங்கும் நேரத்தில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாமல் மயிர்த்திரள் மாத்திரம் தெரிவதை அவர் உவமையாகக் காட்டுகிறார். ஆசீவகரின் கொள்கையும் நவீன அணு சாஸ்திரமும் ஒன்றே என்று நான் வாதிக்கவில்லை. அளவையும் சோதனையும் இல்லாத இடத்தில் சித்தாந்தம் சித்தாந்தமாகவே நின்றுவிடும். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அந்த உவமை துல்லியமாகச் சுட்டியிருக்கிறது. தனித் துகளைக் காணும் கண் வேண்டும். காண முடியாவிட்டால், கூட்டத்தின் நடத்தையிலிருந்து தனித் துகளின் இருப்பை நிச்சயிக்கும் கணக்கு வேண்டும். இந்த இரண்டுக்கும் பல நூற்றாண்டுப் பிரயாணம் தேவைப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பிரயாணத்தின் பிற்பகுதியில் நம் பாலும் அதன் ரப்பரும் வந்து சேர்கின்றன. இங்கிலாந்தின் வடபகுதியில் கென்டல் என்னும் ஊரில் ஜான் கஃப் என்றொரு பண்டிதர் இருந்தார். சிறு வயதிலேயே கண் பார்வையை இழந்தவர். 1805-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இரண்டு விஷயங்களைச் சொன்னார். ரப்பர்ப் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் சுடுகிறது. எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால், உலகத்துப் பொருள்கள் பெரும்பாலும் நீளுவதற்கு மாறாக, அது சுருங்கி எடையை மேலே தூக்குகிறது. கண்ணில்லாத ஒருவர் உதட்டின் உணர்ச்சியைக் கருவியாகக் கொண்டு கண்டறிந்த இந்த உண்மைக்கு முழு விளக்கம் கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. இதில் நான் பெரிதும் போற்றும் செய்தி வேறொன்று உண்டு. அந்தக் கஃப்பிடம் இளமையில் கணிதமும் இயற்கை நூலும் பயின்ற மாணவரே, 1808-இல் ரசாயனத் தத்துவத்தின் புதிய முறை என்னும் நூலை வெளியிட்டு, ஒவ்வொரு மூலகத்துக்கும் தனித்தனி எடையுள்ள அணு உண்டென்று முன்மொழிந்த ஜான் டால்டன். ஆசிரியர் ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். மாணவர் அணுவை எடை போட்டார்.

1826-இல் மைக்கேல் ஃபாரடே, கடல் கடந்து குப்பியில் அடைத்து வந்த ரப்பர்ப்பாலைப் பகுத்துப் பார்த்து, அதன் ரப்பரில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளன என்றும், அவை ஐந்துக்கு எட்டு என்ற விகிதத்தில் நிற்கின்றன என்றும் கண்டார். மறு ஆண்டில், 1827-இல், ராபர்ட் பிரௌன் என்னும் தாவர நூலார் மகரந்தத்தினுள்ளிருந்து வெளிப்பட்ட நுண்துகள்களை நீரிலிட்டு உருப்பெருக்கியால் நோக்கினார். அவை ஓயாமல் துடித்து அலைந்தன. உயிருள்ளவை என்பதால் அசைகின்றனவோ என்று ஐயுற்று, கண்ணாடித் தூளையும், சிங்க உடலும் மனித முகமும் கொண்ட எகிப்தியச் சிலையிலிருந்து உதிர்ந்த கல்லின் பொடியையும்கூட இட்டுப் பார்த்தார். அவையும் அலைந்தன. ஜடத்துக்கும் ஜீவனுக்கும் இதில் பேதமில்லை என்று தெரிந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை.

காரணம் தெரியாமலே ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைக்காலத்தில் மாக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மானும் வாயுக்களின் அழுத்தத்தையும் சூட்டையும் மூலக்கூறுகளின் மோதலைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டிய பிறகும், வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டும் எர்ன்ஸ்ட் மாக்கும் அணு என்பது கணக்குக்கு உதவும் கற்பனை என்றே வாதித்து வந்தார்கள். பிரத்தியட்சமாகக் காணாததை உண்டென்று சொல்வது சாஸ்திரத்துக்கு அடுக்காது என்பது அவர்கள் கட்சி. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1906-இல் போல்ட்ஸ்மான் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாம் ஆயுள் முழுதும் காத்து நின்ற கொள்கை இன்னும் மூன்றே ஆண்டுகளில் வெற்றி பெறும் என்பதை அவர் அறியவில்லை.

அந்த வெற்றிக்கு வழிகோலியது 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதிய கட்டுரை. நீரின் மூலக்கூறுகள் நான்கு புறமும் இருந்து கணந்தோறும் மோதுகின்றன; பெரிய பொருளின்மேல் அந்த மோதல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன; நுண்துகளின்மேலோ அவை சமமாக விழாமல், ஒரு கணம் இப்பக்கமும் மறுகணம் அப்பக்கமும் அதைத் தள்ளிவிடுகின்றன. ஆகவே துகளின் அலைச்சல் தூரம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். நான்கு மடங்கு நேரம் கழிந்தால் இரண்டு மடங்கு தூரமே அது விலகியிருக்கும். அந்தத் தூரத்தை அளந்துவிட்டால், அதிலிருந்து மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே கணக்கிட்டுவிடலாம். கூட்டத்தின் நடத்தையிலிருந்து தனித் துகளை நிச்சயிக்கும் கணக்கு என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

கணக்கு கிடைத்தது; அளப்பதற்கு என்ன துகளை எடுப்பது? பாரிஸில் விக்டர் ஆன்ரி என்னும் விஞ்ஞானி எடுத்துக்கொண்டது ரப்பர்ப்பாலை. அவர் தேர்ந்தது வெகு பொருத்தம். ரப்பர்ப்பாலின் வெண்மைக்குக் காரணமே அதில் மிதக்கும் எண்ணிறந்த ரப்பர் உருண்டைகள்தாம். அவற்றுள் பெரியவை ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதற்குச் சற்று மேலும் இருக்கும்; சிறியவை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் பாலில் அவை ஒரு லட்சம் கோடிக்கும் மேல். உருண்டை வடிவம், உருப்பெருக்கிக்குப் புலப்படும் அளவு, நீரில் கரையாமை என அளவைக்கு வேண்டிய லட்சணங்கள் அவற்றில் இயற்கையாகவே அமைந்திருந்தன. ஆன்ரி உருப்பெருக்கியோடு சினிமாப் படமெடுக்கும் கருவியை இணைத்து, அந்த உருண்டைகளின் அலைச்சலைப் படச்சுருளில் பதித்து, படத்துக்குப் படம் ஒவ்வோர் உருண்டையும் பெயர்ந்த தூரத்தை அளந்து, 1908-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தார். சினிமா பிறந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பொழுதுபோக்குக் கொட்டகையில் மனிதர்களைக் காட்டிக்கொண்டிருந்த அதே யந்திரம், மூலக்கூறுகளின் தாக்குதலால் ரப்பர் உருண்டைகள் தடுமாறுவதையும் காட்டிற்று.

அவர் அளந்த தூரங்கள் ஐன்ஸ்டைனின் சூத்திரத்துக்கு அதிகமாகவே வந்தன. பின்னர் பிரெஞ்சு விஞ்ஞானி ழான் பெரானின் ஆய்வுக்கூடத்தில் நடந்த அளவைகளே சூத்திரத்தை உறுதிப்படுத்தின. ஆயினும் ஆன்ரியின் சோதனைகளில் நமக்கு முக்கியமான மற்றொரு பகுதி இருக்கிறது. பாலை உறையச் செய்யும் அமிலத்தை அவர் சொற்ப அளவில் கலந்து பார்த்தபோது, உருண்டைகள் ஒன்றோடொன்று திரளுவதற்கு முன்பே அவற்றின் அலைச்சல் தளர்ந்தது என்று குறித்தார். அந்த அளவையும் பிற்கால விமர்சனத்துக்கு உட்பட்டதே. ஆனால் அமிலம் விட்ட பாலில் அடுத்து என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்த கிள்ளான் வட்டாரத்து ஸ்டோர்த் தொட்டியும், பாரிஸ் நகரத்து உருப்பெருக்கி மேடையும், அந்த 1908-இல் ஒரே கேள்வியின்மேல் கவிந்திருந்தன என்பதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சியாயிருக்கிறது.

பெரான் கையாண்ட பொருளும் நம் கீழ்த்திசையிலிருந்து சென்றதுதான். கம்போஜ நாட்டிலும் சயாமிலும் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வடியும் மஞ்சள் நிறப் பிசின் அது. ஓவியர்கள் நீர்ச்சாயமாகப் பயன்படுத்துவது. அதை நீரில் தேய்த்து, யந்திரத்தில் சுழற்றி, ஒரே அளவான உருண்டைகளைப் பிரித்தெடுத்து, நீர்ச்சொட்டு ஒன்றின் அடியிலிருந்து 5, 35, 65, 95 மைக்ரான் உயரங்களில் எத்தனை உருண்டைகள் நிற்கின்றன என்று அவர் பொறுமையாக எண்ணினார். மொத்தம் ஏறக்குறைய 13,000 உருண்டைகள். கீழ்மட்டத்தில் 100 என்றால் அடுத்தடுத்த மட்டங்களில் 47, 23, 12. ஒவ்வொரு 30 மைக்ரானுக்கும் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிறது. நாம் சுவாசிக்கும் காற்றும் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு முறை பாதியாக அடர்த்தி குறைகிறது. காற்றின் மூலக்கூறுக்கும் பிசின் உருண்டைக்கும் விதி ஒன்றே, எடையில்தான் வித்தியாசம். உருண்டையின் எடை தெரியும். ஆகவே மூலக்கூறின் எடையும் தெரிந்துவிட்டது. ஓஸ்ட்வால்ட் தம் எதிர்ப்பைக் கைவிட்டு, அணுக்களின் இருப்பு நிரூபணமாயிற்று என்று 1909-இல் வெளிப்படையாக எழுதினார். தோற்றதை ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை, வென்றவர்களின் புகழுக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன். பெரானுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி ஸ்டோர்த் தொட்டிக்குத் திரும்பலாம். ரப்பர் நீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி 0.92. அப்படியிருந்தும் புதுப்பாலில் உருண்டைகள் மேலே ஏறித் திரண்டுவிடாமல் பரவி நிற்பதற்கு ஒரு காரணம், நீரின் மூலக்கூறுகள் அவற்றை ஓயாமல் அலைக்கழிப்பது. மற்றொரு காரணம், ஒவ்வோர் உருண்டையையும் மூடியிருக்கும் மெல்லிய புரதப் படலம். அந்தப் படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது; ஆதலால் உருண்டைகள் நெருங்கும்போதெல்லாம் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. அமிலம் சேர்ந்ததும் அதன் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடுகின்றன. விலக்கு நீங்கியதும், முன்பு உருண்டைகளைப் பிரித்து வைக்கத் துணைநின்ற அதே அலைச்சல், இப்போது அவற்றை ஒன்றன்மேல் ஒன்று மோதவிட்டு ஒட்டச் செய்கிறது. ஒட்டியவை வலையாகப் பின்னி, நீரையும் தம்முள் சிறைப்பிடித்துத் தொட்டி முழுதும் ஒரே பாளமாகிவிடுகின்றன. இது வெறும் ஊகமல்ல என்பதற்கு ஒரு சான்று போதும். வலிய அமிலத்தை ஒரே வீச்சில் மிகையாகச் சேர்த்துவிட்டால், உருண்டைகள் எதிர்மின்னிலிருந்து நேர்மின்னுக்குத் தாவி, மறுபடியும் ஒன்றையொன்று விலக்கத் தொடங்கி, பால் உறையாமலே நின்றுவிடுவதுண்டு. அம்மோனியாவைச் சேர்த்தால் எதிர்மின்னூட்டம் நிலைபெற்று, மாதக்கணக்கில் பால் திரவமாகவே இருக்கிறது. அதை யந்திரத்தில் சுழற்றி, ரப்பர் நூற்றுக்கு அறுபது உள்ள கெட்டிப்பாலாக்கி, திரவமாகவே கப்பலில் அனுப்புகிறார்கள்.

இவற்றையெல்லாம் இந்நாட்டிலேயே ஆராய்வதற்கென்று 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. மேருவுக்குக் கிழக்கே சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் எழுந்தது. அமிலத்தின் அளவு, உறையும் நேரம், தகட்டின் தரம் ஆகியவை அங்கே எண்களாயின. அந்த எண்கள் தோட்டத்துக்கு வந்தபோது, பாலைக் கையால் அறிந்தவர்களுக்கு அவை உத்தரவாக வந்தனவேயன்றி, கல்வியாக வரவில்லை. தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகள் தமிழெழுத்து பயின்று நிரைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு, தன் மங்கிலே துள்ளுவது எது என்று சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்து, தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டபோது, தொழிலாளர் கேட்டவற்றுள் கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானம் நீங்க வேண்டும் என்பதும் ஒன்று. அறிவைப் பங்கிட மறுத்த சமூகம் மரியாதையையும் பங்கிட மறுத்தது. இரண்டையும் வேறு வேறாக என்னால் எண்ண முடியவில்லை. அந்தப் போராட்டத்துக்குத் தனி இயல் ஒதுக்கியிருக்கிறேன்.

உறைந்த பாளத்துக்குள் இன்னும் ஒரு புதிர் மிச்சமிருக்கிறது. கஃப்பின் உதட்டைச் சுட்ட புதிர் அது. ரப்பர் திடம்தானா? ஃபாரடே கண்ட ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன் என்னும் அலகு, பத்தாயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழையாக இருக்கிறது என்று 1920-இல் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் எழுதியபோது, அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்க முடியாது என்று சக விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல். ஒரு மைக்ரான் அகலமுள்ள ஒற்றை ரப்பர் உருண்டைக்குள் இத்தகைய இழைகள் லட்சக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. ஒவ்வோர் இழையின் கண்ணிகளும் திரவத்தின் மூலக்கூறுகளைப் போலவே ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கின்றன. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டாரே, அதில் நடப்பது இதுதான்: கந்தகம் இழைக்கும் இழைக்கும் இடையே அங்கங்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சுக்கு முடிச்சு உள்ள பகுதி திரவத்தின் சலனத்தோடு இருக்கிறது. மொத்த உருவம் மட்டும் திடத்தின் ஸ்திரத்தோடு நிற்கிறது. இழுத்தால் இழைகள் நிமிர்ந்து வரிசைப்படுகின்றன. 1925-இல் காட்ஸ் என்பவர் இழுத்த ரப்பரின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது படிகத்துக்குரிய புள்ளிக்கோலம் தெரிந்தது. நெளிவு அடங்கி ஒழுங்கு கூடும்போது வெப்பம் வெளிப்படுகிறது. உதடு அதைத்தான் உணர்ந்தது. சூடு கூடினால் நெளிவு கூடுகிறது, நெளிகிற இழை தன் இரு நுனிகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளுகிறது, எடை மேலேறுகிறது. மைனஸ் 70 பாகைக்கும் கீழே குளிர்வித்தால் நெளிவே அடங்கிப்போய், அதே ரப்பர் கண்ணாடியாக நொறுங்கிவிடுகிறது. திடம், திரவம் என்னும் சொற்கள் இரண்டும் ஒரே வஸ்துவுக்குள் ஒரே கணத்தில் பொருந்துவதை ரப்பர் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்றை நான் அறியேன்.

மேருவில் இன்று பால்மர நிரைகளைத் தேடித்தான் காண வேண்டும். செம்பனையும் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் உறையும் பாலின் வித்தை அவ்வூரை விட்டுப் போய்விடவில்லை. உலகத்து மருத்துவமனைகளுக்குக் கையுறை அனுப்பும் பெரிய ஆலைகள் அங்கே இருக்கின்றன. கை வடிவில் செய்த பீங்கான் அச்சுகள் சங்கிலிகளில் வரிசையாக நகர்ந்து, முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் தோய்ந்து உலர்ந்து, பிறகு கந்தகமும் துத்தநாக ஆக்ஸைடும் கலந்த ரப்பர்ப்பாலில் முழுகுகின்றன. கால்சியம் அயனி இரட்டை நேர்மின்னூட்டம் உடையது. அது அச்சின்மேலிருந்து பாலுக்குள் பரவி, அருகிலுள்ள உருண்டைகளின் எதிர்மின்னூட்டத்தை அழித்து, அவற்றை அச்சின்மேலேயே படியவைக்கிறது. கரைசலின் வலிமையையும் முழுகும் நேரத்தையும் மாற்றியே படலத்தின் கனத்தைத் தீர்மானிக்கிறார்கள்; ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள படலம் அது. வெந்நீரில் கழுவி உப்பையும் புரதத்தையும் நீக்கி, அடுப்பினுள் செலுத்தினால், நீர் அகன்று உருண்டைகள் ஒன்றினுள் ஒன்று கலந்து, கந்தகம் முடிச்சுகளைப் போட்டு முடிக்கிறது. பழைய ஸ்டோரில் ஓர் இரவு பிடித்த காரியம் இங்கே நிமிஷக் கணக்கில் நடக்கிறது. நடப்பது அதே காரியம்தான். 2020-இல் பெருந்தொற்று பரவியபோது உலகமே கையேந்தி நின்ற பொருள்களுள் இந்தப் படலமும் ஒன்று.

அந்த ஆலைகளில் இன்று முழுகும் பாலில் பெரும்பகுதி மரத்துப்பால் அன்று. நைட்ரைல் என்னும் செயற்கைப் பால் அது. எண்ணெயிலிருந்து பிறந்த ஒரு வாயுப்பொருளையும் திரவங்களையும் நீரில் நுண்ணுருண்டைகளாக இணைத்து உண்டாக்குவது. உருண்டைகள் எதிர்மின்னூட்டத்தால் விலகி நிற்பதும், கால்சியத்தால் உறைவதும் அதற்கும் பொது. மரம் இல்லாமலே மரத்தின் பாலைப் படைக்கும் முயற்சி, 1942-இல் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாகி, நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரும் வழி ஏறக்குறைய அடைபட்டபோதுதான் அவசரமும் வேகமும் பெற்றது. அமெரிக்க ரசாயன ஆலைகள் அந்த மூன்றாண்டுகளில் செய்ததையும், அதே மூன்றாண்டுகளில் சீவுவாரற்றுக் கிடந்த கிள்ளான் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டதையும் அடுத்த இயலில் எழுதுகிறேன்.